நொய்யல் கரையில் ஒரு வகுப்பறை: குமரன் நினைவிடப் பயணம்

(சூலூரில் நடந்த ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்து பேசும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி அமைவதில்லை. அதனால் இரு தரப்பினருக்கும் பயன்படும்படி பேச முயல்கிறேன். நான் சமூக அறிவியல் பாடம் நடத்துபவள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘களப்பயணமும் உள்ளூர் வரலாறும்’. தலைப்பு பெரியது. நான் ஒரே ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 38 பேரை, திருப்பூரில் உள்ள தியாகி குமரன் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்ற பயணம் அது.

நம்மில் பலர் இப்படி மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறோம். மாலை போடுவோம், வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுப்போம், குழுவில் பகிர்வோம், திரும்பி வருவோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மறுவாரம் அதே மாணவரிடம், “குமரன் எதற்காக ஊர்வலம் போனார்?” என்று கேட்டால், “கொடிக்காக” என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் பிள்ளைகளை எப்படி அழைத்துச் செல்வது என்பதுதான் நான் இங்கே பகிர விரும்புவது.

ஏன் குமரன், ஏன் நொய்யல்?

முதல் காரணம், அவர் நம் ஆற்றின் பிள்ளை. வெள்ளியங்கிரி மலைகளில் பிறக்கும் நொய்யல், கோவையைக் கடந்து, நம் சூலூர்க் குளங்களை நிரப்பி, திருப்பூரின் நடுவே ஓடி, சென்னிமலைப் பக்கம் சென்று, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊர் அருகே காவிரியில் கலக்கிறது. குமரன் பிறந்த சென்னிமலையும், அவர் அடிபட்டு விழுந்த திருப்பூரும், நாம் பாடம் நடத்தும் சூலூரும் இந்த ஒரே ஆற்றின் வட்டாரத்தில் இருக்கின்றன. இன்று இவை ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் என மூன்று மாவட்டங்கள். குமரன் காலத்தில் மூன்றும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டம். 1979-இல் ஈரோடும் 2009-இல் திருப்பூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வரைபடத்தில் மாவட்ட எல்லைகளை அழித்துவிட்டு ஆற்றை மட்டும் வரையச் சொன்னால், பிள்ளைகளுக்குக் குமரன் சட்டென்று பக்கத்து ஊர்க்காரர் ஆகிவிடுகிறார்.

இரண்டாவது காரணம், அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நம் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் விசைத்தறி வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சூலூர், சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறிச்சத்தம் கேட்காத தெருவைத் தேட வேண்டும். தறியைப் பற்றி நாம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள்தான் நமக்குச் சொல்லித் தர வேண்டும்.

மூன்றாவது காரணம், செலவு குறைவு. சூலூர் ரோடு நிலையத்தில் பயணிகள் ரயில் ஏறினால் சோமனூர், வஞ்சிபாளையம் தாண்டித் திருப்பூர். அரைமணி நேரப் பயணம்தான். நினைவிடம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து குமரன் சாலை வழியே நொய்யல் பாலம் நடக்கும் தூரம். பேருந்து வாடகைக்குப் பணம் திரட்ட வேண்டிய தேவையே இல்லை. தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி, பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு, குடிநீர். இவை போதும்.

போவதற்கு முன் ஒரு வாரம்

பயணத்துக்கு முந்தைய வாரத்தில் மூன்று பாடவேளைகளை ஒதுக்கினோம். முதல் பாடவேளையில் ஒரு காலக்கோடு. கரும்பலகையில் சில தேதிகளை மட்டும் எழுதினேன்.

1904 அக்டோபர் 4: சென்னிமலையில் நாச்சிமுத்து, கருப்பாயி தம்பதியர்க்குக் குமாரசாமி பிறந்தார்.
1931 மார்ச் 5: காந்தி – இர்வின் ஒப்பந்தம்.
1931 மார்ச் 23: லாகூரில் பகத்சிங், சுகதேவ், ராஜகுரு தூக்கிலிடப்பட்டனர்.
1931 டிசம்பர் 28: இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு காந்தி பம்பாய் திரும்பினார்.
1932 ஜனவரி 4: காந்தி கைது.
1932 ஜனவரி 10: திருப்பூர் ஊர்வலம்.
1932 ஜனவரி 11: குமரன் மறைவு.

இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கணக்குப் போடச் சொன்னேன். குமரன் மறைந்தபோது அவருக்கு வயது என்ன? இருபத்தேழு ஆண்டு, மூன்று மாதம், ஏழு நாள். காந்தி கைதுக்கும் திருப்பூர் ஊர்வலத்துக்கும் இடையே எத்தனை நாள்? ஆறு. 1932 ஜனவரி 10 என்ன கிழமை? அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழமையைக் கண்டுபிடிக்கும் கணக்கை எங்கள் கணித ஆசிரியர் ஆர்வமாக எடுத்துக்கொண்டார். லீப் ஆண்டை மறந்த குழுக்கள் வேறு கிழமைக்குப் போய்ச் சேர்ந்தன, திரும்பவும் போட்டார்கள்.

அந்த ‘ஆறு நாள்’தான் பாடத்தின் உயிர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஏனுங்க டீச்சர், டிவி இல்ல, போன் இல்ல. பம்பாயில காந்திய பிடிச்சா திருப்பூர்ல ஆறே நாள்ல எப்படி ஊர்வலம்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. தந்தி இருந்தது, செய்தித்தாள் இருந்தது, ரயில் இருந்தது. அவற்றைவிட முக்கியமாக, ஊரில் ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள். திருப்பூர் அன்று கதர் உற்பத்தியில் நாடறிந்த ஊர். காந்தி அங்கே பலமுறை வந்திருக்கிறார். குமரன் போன்ற இளைஞர்கள் தேசபந்து வாலிபர் சங்கத்தில் ஒன்றுகூடி இருந்தார்கள். ஒரு போராட்டம் ஒரே நாளில் முளைப்பதில்லை, அதற்கு முன் பல ஆண்டு வேலை இருக்கிறது என்பதை அந்தக் கேள்வியின் வழியே பேச முடிந்தது.

இரண்டாவது பாடவேளை, கொடி. இது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் நேரடியாகப் பயன்படும். குமரன் படம் வரையச் சொன்னால், பிள்ளைகள் அவர் கையில் இருக்கும் கொடியில் அசோகச் சக்கரம் வரைகிறார்கள். மாறுவேடப் போட்டிகளிலும் அப்படித்தான். ஆனால் அசோகச் சக்கரம் பொறித்த கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. குமரன் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவர் காலத்துக் கொடியின் நடுவே இருந்தது இராட்டை. காவி, வெள்ளை, பச்சை நிறங்களோடு இராட்டை பொறித்த கொடியைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது 1931-இல்தான். அதற்கு முன் வழங்கிய கொடியிலும் இராட்டையே இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஆறு வேற்றுமை கண்டுபிடி” விளையாட்டுப் போல நடத்தலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம், “ஏன் இராட்டை?” என்று கேட்கலாம். நூல் நூற்கும் கருவியைக் கொடியில் வைத்த நாடு என்றால், நூலுக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு? இங்கிலாந்து ஆலைத்துணி, நம் கைத்தறி, அந்நியத் துணிப் புறக்கணிப்பு எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். தறி வீட்டுப் பிள்ளை அதற்குப் பதில் சொல்லும்போது குரலே மாறுகிறது. அது பாடநூலிலிருந்து படித்த பதில் அன்று, அவன் வீட்டுப் பதில்.

மூன்றாவது பாடவேளையில், நினைவிடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும், எழுத வேண்டும் என்று மாணவர்களே ஒரு தாள் தயாரித்தார்கள். கல்வெட்டில், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது? யார் எழுதி வைத்தது? எப்போது? யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை? ஆற்றுக்கும் நினைவிடத்துக்கும் எத்தனை அடி? இவை அவர்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியை நான் சேர்த்தேன்: “உங்களுக்குப் புரியாத ஒன்றை எழுதுக.”

அங்கே

ஜனவரி 11 அன்று போக வேண்டாம் என்பது என் அனுபவத்தில் கண்டது. அன்று பல அமைப்புகளும் மாலையோடு வருவார்கள், பிள்ளைகள் நின்று படிக்க இடம் இருக்காது. நாங்கள் போனது வேறொரு சனிக்கிழமை. காலை நேரத்தில் போனதால் சாலையில் சரக்கு வண்டிகள் நிரம்பும் முன் வேலையை முடிக்க முடிந்தது.

நினைவிடத்தில் முதல் பத்து நிமிடம் நான் எதுவும் பேசவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், எழுதினார்கள். அதன்பின் வட்டமாக உட்கார வைத்து அந்த நாளைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். காங்கிரஸ் தடை செய்யப்பட்டிருந்தது. கொடியோடு ஊர்வலம் போவதே குற்றம். பி.எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறு குழு கொடியேந்தி வந்தது. காவலர்கள் தடியால் தாக்கினார்கள். குமரனுக்கு மண்டை உடைந்தது. விழுந்தபோதும் கொடியை அவர் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அவ்வளவுதான். இந்த நிகழ்ச்சியை ஏற்ற இறக்கத்தோடு மேடைப் பேச்சாகச் சொல்லத் தேவையே இல்லை. அது நடந்த ஊரில் உட்கார்ந்து, நேராகச் சொன்னால் போதும். பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள்.

பிறகு கேள்வி நேரம். நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கேள்விகளைப் பற்றித்தான்.

முதல் கேள்வி: “அடிச்சவங்க யாருங்க டீச்சர்? வெள்ளைக்காரங்களா?”

இந்த இடத்தில் நாம் தடுமாறுவோம். ‘ஆங்கிலேயர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் அன்றைய சென்னை மாகாணக் காவல்துறையில் தடி பிடித்த கடைநிலைக் காவலர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர்கள்தாம். அதை மறைக்கக் கூடாது. மறைத்தால், வரலாறு என்பது நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று நாடகம் போல ஆகிவிடும். நான் உண்மையைச் சொன்னேன். ஒரு மாணவன், “அப்ப அவங்களும் நம்மாளுங்கதானா? எப்படி மனசு வந்துச்சு?” என்றான். பதிலை நான் சொல்லவில்லை. குழுவாகப் பேசச் சொன்னேன். சம்பளம், பயம், மேலதிகாரி உத்தரவு, பழக்கம் என்று அவர்களே காரணங்களை அடுக்கினார்கள். ஒரு மாணவி மட்டும், “உத்தரவு போட்டாலும் ஓங்கி அடிக்கறதும் மெதுவா அடிக்கறதும் அவங்க கையிலதான இருக்கு?” என்றாள். குடிமையியல் பாடத்தில் ‘பொறுப்பு’ என்ற சொல்லை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது கேள்வி: “அவர் ஏன் திருப்பி அடிக்கல?”

இதற்கு நம் சூலூரையே எடுத்துக்காட்டாக்கலாம். 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, சூலூர் விமானத் தளம் போராட்டக்காரர்களால் தீ வைக்கப்பட்டது. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த பலர் கைதாகிச் சிறை சென்றார்கள். இன்று அந்த இடத்தில் இந்திய விமானப்படைத் தளம் இயங்குகிறது. நம் பிள்ளைகள் தினமும் தலைக்கு மேல் பறக்கும் விமானங்களைப் பார்க்கிறார்கள், இந்தக் கதை பலருக்குத் தெரியாது. ஒரே ஆற்றின் கரையில், பத்து ஆண்டு இடைவெளியில், இரண்டு விதமான போராட்டம். ஒன்றில் அடி வாங்கியும் கை ஓங்காதவர்கள். இன்னொன்றில் ஆட்சியின் போர் ஏற்பாட்டையே முடக்க முயன்றவர்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. இரண்டின் காலச்சூழல் என்ன, எதனால் எது நிகழ்ந்தது, யாருக்கு என்ன விலை என்று யோசிக்க வைப்பதுதான் நம் வேலை. பத்தாம் வகுப்புக்கு இது ஓர் அருமையான விவாதத் தலைப்பு.

மூன்றாவது கேள்விதான் என்னைச் சில நொடி பேசவிடாமல் செய்தது. தறி வேலைக்குப் போவதற்காக அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஒரு பையன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இருக்கும் இடைவெளிகளைப் பார்த்து நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவன் கேட்டான்: “டீச்சர், குமரனே ஆரம்பப் பள்ளிக்கூடத்தோட நின்னவருதானுங்க. அவருக்குச் சிலை வெச்சிருக்காங்க. நான் மட்டும் ஏன் படிக்கோணும்?”

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிண்டலுக்குக் கேட்கவும் இல்லை.

உண்மைதான். குமரனின் குடும்பம் ஏழைக் குடும்பம். ஆரம்பக் கல்வியோடு படிப்பை நிறுத்திவிட்டு நெசவுக்கும், பின்னர் திருப்பூரில் பஞ்சுத்தொழில் சார்ந்த வேலைக்கும் போனவர் அவர். இதை இல்லை என்று சொல்ல முடியாது. ‘நீ படித்தால் பெரிய ஆள் ஆகலாம்’ என்ற நம் வழக்கமான அறிவுரை, அந்த இடத்தில் நின்று சொன்னால் எடுபடாது. எதிரே நிற்கும் சிலையே அதை மறுக்கிறது.

நான் பதில் சொல்வதற்குள் அவன் வகுப்பு மாணவி ஒருத்தி முந்திக்கொண்டாள். “அவர் நின்னதுக்குச் சிலை வெக்கலடா. அவரா நிக்கல, நிக்க வெச்சாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீயாவா நிக்கப்போற?” என்றும் கேட்டாள்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் அங்கே ஒன்றை மட்டும் சேர்த்தேன். குமரன் காலத்தில் ஐந்தாவதைத் தாண்டிப் படிப்பது ஓர் ஏழைப் பிள்ளைக்கு உரிமை அன்று, வாய்த்தால் வாய்ப்பு. அவரைப் போன்றவர்கள் கேட்ட விடுதலைக்குள் இந்தப் பள்ளிக்கூடமும் அடங்கும். 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 2002-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது, 2009-இல் சட்டம் வந்தது. அவருக்குக் கிடைக்காதது உனக்குச் சட்டப்படி உண்டு என்று சொன்னேன்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அந்தப் பயணம்தான் அவனை நிறுத்தி வைத்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவினர் வீட்டுக்குப் போனார்கள், தறிக்கார அண்ணன் ஒருவர் பள்ளி நேரத்தில் வேலைக்கு எடுக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார், அவன் அம்மா உறுதியாக நின்றார். இன்னும் மாதத்தில் சில நாள் வருவதில்லை. ஆனால் அவன் அன்று அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதால்தான், எதை நோக்கி நாங்கள் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது. வகுப்பறையின் நான்கு சுவருக்குள் அவன் அதைக் கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

பாலத்தில்

நினைவிடத்திலிருந்து நொய்யல் பாலம் வரை நடந்தோம். இது திட்டத்தின் ஒரு பகுதிதான். ஆற்றைப் பார்க்காமல் இந்தப் பயணம் முடியக் கூடாது என்று முன்பே நினைத்திருந்தோம்.

மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்? திருப்பூர்ப் பின்னலாடை நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது, நம் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் சாயக்கழிவு இந்த ஆற்றையும் சீரழித்தது. பாசனத்துக்காகச் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயநீர். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் துளியும் வெளியேற்றாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

குமரன் பிறந்த சென்னிமலைக்கு அருகில்தான் அந்த அணை என்பதை வரைபடத்தில் காட்டினேன். யாரையும் குற்றவாளியாக்கும் நோக்கம் இல்லை. அந்த 38 பிள்ளைகளில் சிலரின் அப்பாக்கள் சாயப்பட்டறையில் வேலை செய்பவர்கள். வேலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்னும்போது ஒரு சமூகம் என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதும் நாட்டுப்பற்றுதான். கொடியை மதிக்கும் பிள்ளை, அந்தக் கொடி பறக்கும் மண்ணையும் நீரையும் மதிக்கக் கற்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் எங்களோடு வந்திருந்தார். சூலூர்க் குளத்து நீரையும் திருப்பூர் நொய்யல் நீரையும் குடுவைகளில் எடுத்து வந்து, நிறம், மணம், அமில காரத்தன்மை ஆகியவற்றை மறுவாரம் ஆய்வகத்தில் ஒப்பிட்டார்கள். ஒரு வரலாற்றுப் பயணம் அறிவியல் செய்முறையாகவும் ஆனது.

வேறு ஆறுகள், வேறு குமரன்கள்

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். குமரனைப் பற்றி நாம் பெருமையாகப் பேசும்போது, அந்தப் பிள்ளைகள் விருந்தாளி போல ஓரமாக நிற்கிறார்கள். ‘இது உங்க ஊர்க் கதை’ என்ற பார்வை அவர்கள் கண்ணில் இருக்கும்.

அதனால் பயணத்துக்குப் பின், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குமரனைப் போன்ற ஒருவரைத் தேடும் வேலையைக் கொடுத்தேன். கிடைத்தவை எனக்கே புதியவை.

அசாமின் கனகலதா பருவா. 1942 செப்டம்பர் 20 அன்று கோபூர் காவல்நிலையத்தில் கொடியேற்ற ஊர்வலத்தின் முன்னே நடந்தவர். சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது பதினேழு. வங்கத்தின் மாதங்கினி ஹாஸ்ரா. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. 1942 செப்டம்பர் 29 அன்று தம்லுக்கில் கையில் கொடியோடு குண்டடிபட்டு விழுந்தவர். பீகாரின் பாட்னாவில், 1942 ஆகஸ்ட் 11 அன்று தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய் உயிர்விட்ட ஏழு மாணவர்கள். அவர்களுக்குப் பாட்னாவில் இருக்கும் வெண்கலச் சிற்பத்தை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்ததும் அவரே. பீகார்ப் பையன் ஒருவன் இதை அறிந்ததும், “அப்ப மெரினா சிலையும் எங்க ஊர் சிலையும் ஒரே கைங்களா?” என்று தமிழிலேயே கேட்டான்.

ஒடிசாவின் பாஜி ராவுத் கதையை ஒரு சிறுமி சொன்னாள். பிராமணி ஆற்றில் படகோட்டும் குடும்பத்துச் சிறுவன். வயது பன்னிரண்டு. 1938 அக்டோபரில் ஓர் இரவு, காவலர்கள் தங்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லச் சொன்னபோது மறுத்தான். சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சிறுமி ஐந்து நிமிடம் பேசினாள். அதுவரை அவள் வகுப்பில் எழுந்து நின்று ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் தமிழ்ச்சொல் கிடைக்காதபோது பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். ‘துடுப்பு’ என்ற சொல்லை அன்றுதான் அவள் கற்றாள்.

ஆறு வேறு, மொழி வேறு, ஊர் வேறு. கையில் இருந்தது ஒரே கொடி அல்லது ஒரே ‘மாட்டேன்’. தேசிய ஒருமைப்பாடு என்ற பாடத்தை நான் அந்த ஆண்டு தனியாக நடத்தவில்லை.

திரும்பிய பின்

பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் ‘காலை 7 மணிக்குப் புறப்பட்டோம்’ என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக மூன்று சிறு வேலைகளைக் கொடுத்தோம். ஒன்று, நினைவிடத்தில் ஒரு புதிய தகவல் பலகை வைப்பதாக இருந்தால் அதில் என்ன எழுதுவாய்? அறுபது சொற்களுக்குள். இரண்டு, குமரனின் மனைவி ராமாயிக்கு ஒரு கடிதம். கணவரை இழந்த அந்தப் பெண்ணின் பெயர், பெரும்பாலான மாணவர்களுக்கு அதுவரை தெரியாது. மூன்று, உங்கள் தெருவில் அல்லது ஊரில் உள்ள ஒரு சாலை, சிலை, கல்வெட்டு, கொடிமரம் ஏதாவது ஒன்றின் பெயருக்குக் காரணம் கேட்டு வருதல்.

மூன்றாவது வேலை இன்னும் முடியவில்லை. அது முடியக்கூடிய வேலையும் இல்லை. தாத்தாவிடம் கேட்டேன், கோயில் பூசாரியிடம் கேட்டேன் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கொண்டு வருகிறார்கள். கேள்விப்பட்டதை ஒரு நிறத்திலும், கல்வெட்டிலோ அச்சிலோ பார்த்ததை இன்னொரு நிறத்திலும் எழுதச் சொல்கிறேன். செவிவழிச் செய்திக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக நடத்த எனக்குத் தெரியவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் திருப்பூர் வரை போக வேண்டும் என்பதில்லை. 2004-இல் குமரனின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்தப் படத்தை வகுப்பில் காட்டி, இரண்டு கொடிகளை வரைய வைத்து, பள்ளிக்கு அருகிலுள்ள குளம் வரை நடத்திக் கூட்டிச் சென்று, “இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கூடுகைக்கு வந்திருக்கும் நாம் ஒவ்வொருவரும், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நம் பள்ளி இருக்கும் ஊரில் மாணவர்கள் தேடிக் கண்ட ஒரு பெயரைக் கொண்டு வருவோம். விடுதலைப் போரில் சிறை சென்றவராக இருக்கலாம், ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட நிலம் கொடுத்தவராக இருக்கலாம், குளம் காத்தவராக இருக்கலாம். பெயர், ஆண்டு, சான்று மூன்றும் இருக்க வேண்டும். நம் வட்டாரத்துக்கென ஒரு சிறு கையேடு தானாக உருவாகிவிடும். அதை எழுதியவர்கள் நம் பிள்ளைகளாக இருப்பார்கள்.